பூ, பட்சி, மிருகம், ஊர்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனையும் கூப்பிட்டு ஒரு பெயரைக் காதில் போட்டு அனுப்புவார். ஒருவனுக்குப் பூவின் பெயர். இன்னொருவனுக்குப் பட்சி, மிருகம் அல்லது ஊர். மறுநாள் காலை வந்ததும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்த வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஞாபகத்தை வளர்ப்பதற்காக ஏற்பட்டது என்று காரணமும் சொல்கிறார். அவர் 1855இல் பிறந்தவர். ஆக, 1860களில் நம் ஊர்த் திண்ணைகளில் நடந்த சங்கதி இது.

கேட்பதற்குக் குழந்தை விளையாட்டுதான். ஆனால் அந்த உபாத்தியாயர் என்ன செய்தார் என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சொல்லிக் கொடுத்ததற்கும் கேட்டு வாங்கியதற்கும் நடுவே ஓர் இரவு விட்டார். அந்த இரவில் பையன் தூங்கினான். காலையில் சுவடியைக் காட்டாமல், அடியெடுத்துக் கொடுக்காமல், அவன் தலைக்குள்ளிருந்தே விடையை வெளியே வரவழைத்தார். இடைவெளி, தூக்கம், பார்க்காமல் எடுத்துச் சொல்வது. நினைவைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இதுவரை கண்டுபிடித்தவற்றில் எத்தனை முறை சோதித்தாலும் அசையாமல் நிற்பவை எவை என்று கேட்டால் இந்த மூன்றும் முதல் வரிசையில் வரும். உபாத்தியாயருக்கு உளவியல் தெரியாது. பையன்களைத் தெரியும்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1879 வாக்கில், ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற இளைஞர் மறதியை அளக்கக் கிளம்பினார். சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே. அர்த்தமுள்ள சொற்களை மனப்பாடம் செய்தால் பழைய பரிச்சயம் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்து, பொருளே இல்லாத அசைகளைச் சுமார் 2,300 தயாரித்தார். தமிழில் செய்திருந்தால் பெள், சுத், நிங் என்று போயிருக்கும். நிமிடத்துக்கு 150 தட்டு தட்டும் கடிகாரத் தாளத்தில் அவற்றைப் படிப்பார். தடங்கல் இல்லாமல் ஒப்பிக்க வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார். பிறகு இடைவெளி விட்டு அதே வரிசையை மறுபடி கற்பார். முதல் தடவை ஆன உழைப்பில் இரண்டாம் தடவை எவ்வளவு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆனது; ஒரு நாளில் 34; ஒரு மாதம் கழித்து 21. இத்தனையையும் 1885இல் சின்னப் புத்தகமாகப் போட்டார்.

இந்த எண்களைப் பார்த்ததும் மனிதன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்று அங்கலாய்ப்பதே வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது வேறு. ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் நடுவே விழுந்தது வெறும் 10 புள்ளி. ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் நடுவே 13. மறதியின் வேலையில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குத் தப்பியது பிறகு மெதுவாகத்தான் கரைகிறது. ஆகவே ஒரு பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய முதல் வேளை பரீட்சைக்கு முந்தின வாரம் அல்ல, அன்று ராத்திரியே. அடுத்தது இரண்டு மூன்று நாள் கழித்து. பிறகு ஒரு வாரம், ஒரு மாதம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். நடுவில் வரும் தூக்கத்தையும் வீண் என்று நினைக்க வேண்டாம். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கினால் மறப்பது குறைவு. அதே நேரம் விழித்திருந்தால் கூடுதல். விடிய விடிய காபி குடித்துப் படிக்கும் பிள்ளைகள் இதைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது சங்கதியான பார்க்காமல் எடுத்துச் சொல்வதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு அமர்வு படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்தது. மிச்ச மூன்றில் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் இன்னொரு வேடிக்கை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது திரும்பத் திரும்பப் படித்த குழுதான். பக்கத்தைப் பார்த்ததும் 'இது தெரிந்ததுதானே' என்று மனசு சொல்கிறதே, அது பக்கத்தோடு உண்டான பழக்கம். பக்கம் இல்லாதபோது அது உதவாது. மஞ்சள் மையால் கோடு போட்டுப் போட்டுப் பாதிப் புத்தகத்தை மஞ்சளாக்கியவர்களுக்குத் தேர்வு மண்டபத்தில் நேர்வது இதுதான்.

இடைவெளியையும் எடுத்துச் சொல்வதையும் ஒன்றாகக் கோத்து ஒரு சாதனமாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர். 1972இல் வந்த அவருடைய யோசனைக்கு வேண்டியது ஒரு பெட்டியும் சிறு அட்டைகளும்தான். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. பெட்டியில் ஐந்து தடுப்பு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும், முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசித் தடுப்பை எப்போதோ ஒருமுறை. தெரிந்ததையே திரும்பப் படித்து மகிழும் சோம்பேறித்தனத்துக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. இன்று செல்போனில் இதற்குச் செயலிகள் உண்டு. ஆனால் அட்டையைக் கைப்பட எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இனி வித்தைக்கு வருவோம். மேடையில் ஏறி நூறு பொருளின் பெயரை வரிசையாகவும் தலைகீழாகவும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் செய்வது, கிரேக்கர்கள் காலத்துப் பழைய முறை. சிமோனிடிஸ் என்ற கவிஞர் விருந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்த சமயம் கூரை இடிந்து விழுந்தது. அடையாளம் தெரியாமல் நசுங்கிக் கிடந்தவர்களை, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற நினைவை வைத்தே அவர் சொல்லிவிட்டார். கதையைச் சொன்னவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. கதை உண்மையோ இல்லையோ, உத்தி உண்மை. நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், நாம் நடக்கும் வழியில், நினைவு வைக்க வேண்டியவற்றைப் படமாக்கி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவது. பிறகு மனசுக்குள் அதே வழியில் நடந்தால் வைத்ததெல்லாம் வைத்த இடத்தில் இருக்கும்.

வேதியியல் தனிமங்களில் முதல் பத்தை வைத்துச் செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டு கேட்டைத் திறக்கிறீர்கள். பெரிய பலூன் ஒன்று குப்பென்று தீப்பிடித்து வெடிக்கிறது: ஹைட்ரஜன். வாசற்படியில் பாட்டி ஒரு பலூன் கொத்தைப் பிடித்தபடி அந்தரத்தில் மிதக்கிறார், வெற்றிலைப் பெட்டி கீழே உருள்கிறது: ஹீலியம். செருப்பு ஸ்டாண்டில் செருப்பே இல்லை. உப்பிப்போன செல்போன் பேட்டரிகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன: லித்தியம். வாசற்கதவின் கைப்பிடி முழுசும் பச்சை மரகதம். மரகதக் கல்லில் பெரிலியம் உண்டு. கூடத்தில் கேரம் போர்டு. எவனோ ஒரு டப்பா பவுடரையும் கொட்டிவிட்டான், காய்கள் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதுகின்றன. கேரம் பவுடர் என்பது போரிக் அமிலம், ஆக, போரான். டிவி இருந்த இடத்தில் கரி மூட்டை, தரையெல்லாம் கறுப்பு: கார்பன். சோபாவில் ஆள் உயரத்துக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் சாய்ந்திருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் காற்று என்று நாம் திட்டுவோமே, அது நைட்ரஜன். பூஜை அறையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் (நிஜத்தில் யாரும் செய்துவிட வேண்டாம்). வாஷ்பேசினில் பற்பசை நுரை பொங்கி வழிகிறது: ஃபுளூரின். சமையலறையில் அடுப்புக்கு மேலே ஜவுளிக்கடை விளக்குப் பலகை செக்கச்செவேலென்று எரிகிறது: நியான்.

இப்போது பக்கத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள், ஏழாவது தனிமம் எது? கேட்டிலிருந்து நடந்து சோபாவுக்கு வந்திருப்பீர்கள். ஆறாவதாக இருந்த கரி மூட்டையும் தானாகவே கண்ணில் பட்டிருக்கும். கேரம் பவுடருக்கும் போரானுக்கும் உள்ள உறவு இன்றுதான் தெரிந்தது என்றால் கொஞ்சம் வேதியியலும் உள்ளே போய்விட்டது. பொருத்தமில்லாத கோமாளிப் படத்தைவிட, பொருளோடு ஒட்டிய கோமாளிப் படம் நல்லது. படம் பெரிதாக, அசைவதாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தால் இன்னும் நல்லது.

வெளிச்சமும் வேண்டும். இதைச் சொன்னவர் மாஸ்கோவின் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி. பத்திரிகை நிருபர். பத்திரிகை ஆசிரியர் கூட்டிய கூட்டத்தில் எல்லாரும் குறிப்பெடுக்க, இவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று ஆசிரியர் கோபித்து விசாரிக்கப்போய்த்தான் இவருடைய நினைவாற்றலே வெளியே தெரிந்தது. அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர் 1920களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இவரை ஆராய்ந்தார். ஷெரெஷெவ்ஸ்கி மாஸ்கோவின் கார்க்கி வீதியில் மனசுக்குள் நடந்தபடி சொற்களை வாசலிலும் ஜன்னலிலும் வைத்துக்கொண்டே போவார். அபூர்வமாக ஒன்று விட்டுப்போகும். ஒருமுறை 'முட்டை' விட்டுப்போயிற்று. ஏன் என்று கேட்டால், வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டேன், கடந்து போகும்போது கண்ணில் படவில்லை என்றார். மறந்தேன் என்று சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றார்! அதன் பிறகு முட்டையைப் பெரிதாக்கி வைப்பது, இருட்டு மூலையில் தெருவிளக்கு போடுவது என்று திருத்திக்கொண்டார். அதே மனிதருக்கு வேண்டாததை மறப்பது பெரும்பாடாக இருந்தது. முகங்களை அடையாளம் காண்பதும் கஷ்டம். முகம் நொடிக்கு நொடி மாறுகிறதே என்று குறைப்பட்டார். அவரைப் போல் ஆக வேண்டும் என்று யாரும் வரம் கேட்க வேண்டியதில்லை.

பிறவி வரம் இல்லாதவர்களுக்கும் இந்த வழி கைகூடுமா? 2017இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் சாதாரண ஆட்களை எடுத்து, தினம் அரை மணி வீதம் 40 நாள் இந்த இட உத்தியைப் பழக்கினார்கள். 72 சொற்கள் கொண்ட பட்டியலில் அவர்கள் முன்பைவிட ஏறக்குறைய 35 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். வேறு வகை நினைவுப் பயிற்சி எடுத்த குழுவுக்குக் கூடியது 11. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 7. நான்கு மாதம் கழித்து, இடையில் பயிற்சி இல்லாமலும், இட உத்தி பழகியவர்களிடம் 22 சொற்கள் கூடுதல் நின்றது. அதற்கு முன் 2003இல் லண்டனில் எலினார் மக்வயர், உலக நினைவுப் போட்டி போன்ற அரங்குகளில் பேர் வாங்கியவர்களைச் சோதித்தபோது, அவர்கள் புத்திக்கூர்மையில் மற்றவர்களைவிட மேலாக இல்லை, மூளை அமைப்பிலும் வித்தியாசம் தென்படவில்லை. பத்தில் ஒன்பது பேர் கையாண்டது இந்த நடைவழி உத்திதான்.

நம் ஊரில் படத்தைவிடப் பாட்டுக்குத்தான் மவுசு. எட்டுத்தொகை நூல்கள் எவை என்று கேட்டால் தமிழ் படித்த எவரும் ஒரு பழைய வெண்பாவைச் சொல்லி விரலை மடக்குவார்கள். பத்துப்பாட்டுக்கும் ஒன்று உண்டு. எதுகையும் தளையும் வெறும் அலங்காரம் இல்லை. ஒரு சொல் விட்டுப்போனால் தளை தட்டும், வேறு சொல்லைப் போட்டால் எதுகை காட்டிக்கொடுக்கும். யாப்பே தவறைப் பிடித்துவிடுகிறது. ஆனால் பாட்டில் ஒரு குறை உண்டு. ஐந்தாவது எது என்று கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வர வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு 'அப்படியானால் என் ஞாபகசக்தி கூடிவிடும்' என்று யாராவது நினைத்தால், அங்கேதான் நான் மறித்து நிற்க வேண்டியிருக்கிறது. ஞாபகசக்தி என்று பொதுவாக ஒரு சக்தி கூடுவதாக ஆராய்ச்சி காட்டவில்லை. பழகியது கூடும், அவ்வளவுதான். கபடியில் கில்லாடி ஆனவனுக்கு நீச்சல் வந்துவிடாது. 1980இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஸ்டீவ் ஃபலூன் என்ற மாணவர் வருகிறார். நொடிக்கு ஒன்றாக வாசிக்கும் எண்களை ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நம்மைப் போல 7 எண். ஒன்றரை ஆண்டுக்கு மேல், சுமார் 230 மணி நேரம் பழகி, 79 எண் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 49.2 நொடி, உலகச் சாதனைக்குப் பக்கத்தில், என்று முடிச்சுப் போட்டுக்கொள்வார். சரி, எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார்கள். ஆறு எழுத்துதான் வந்தது.

மங்களூரில் 1981இல் பை என்ற எண்ணின் 31,811 இலக்கங்களை ஒப்பித்து கின்னஸில் ஏறியவர் ராஜன் மகாதேவன். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பின்னர் அவரைச் சோதித்தார்கள். எண் என்றால் அசாத்தியம்; படத்தில் எந்தப் பொருள் எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கேட்டால் சராசரி ஆளைவிடக் குறைவு. வேலூரில் 2015இல் ராஜ்வீர் மீனா கண்ணைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கம் சொன்னார், கிட்டத்தட்ட பத்து மணி நேரம். அபார உழைப்பு. ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைக்கு வகுப்புப் பாடம் வர வேண்டும் என்று பை ஒப்பிக்கப் பழக்கும் பெற்றோருக்குக் கிடைக்கப்போவது பை ஒப்பிக்கும் பிள்ளை. (ஞாபகத்துக்கென்று வல்லாரை மாத்திரை விற்பவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. கீரை நல்லது, துவையல் அதைவிட நல்லது.)

எந்த உத்தியும் வேலை செய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு: அந்த நேரத்தில் மனசு அங்கே இருக்க வேண்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோமே, அதில் பெரும்பாலும் மறதி இல்லை, வைத்தபோதே கவனிக்கவில்லை. கவனத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் நம் அவதானிகள். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார், எங்கோ மணி அடிக்கும். அவதானி எல்லாவற்றுக்கும் விடை சொல்லி, எறிந்த எண்ணிக்கையையும் கடைசியில் சொல்ல வேண்டும். ஒரே கணத்தில் நூறிலும் மனசு இருப்பதாக இதைப் புகழ்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒன்றை முழுசாகப் பிடித்து, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, சுத்தமாக அடுத்ததற்குத் தாவுவது. கூப்பிட்டதும் முடிச்சை அவிழ்ப்பது. அவதானியிடம் கற்க வேண்டியது சுத்தமாகத் தாவுவதைத்தான். நாம் தாவும்போது பாதி மனசைப் பழைய வேலையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து, முடிக்காமல் விட்டு வந்த வேலை அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினார்.

நினைவை வளர்க்கும் என்று பலர் சொல்லும் சுய ஹிப்னாடிசம் உண்மையில் உதவக்கூடிய இடம் இந்தக் கவனத்தின் வாசல்தான். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் மெஸ்மரிசம், மனோவசியம் என்று அட்டையில் இரண்டு கண்ணும் சுழல் வட்டமும் போட்டு விற்பதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அட்டை பொய்; உள்ளே சொல்லும் விஷயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

மெஸ்மர் என்ற வைத்தியரின் 'காந்த சக்தி'யை 1784இல் பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாசியே அடங்கிய குழு சோதித்து, சக்தி ஏதுமில்லை, நம்பிக்கையும் கற்பனையும் செய்யும் வேலை என்று தீர்ப்புச் சொன்னது. அதே கற்பனை 1840களில் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவரின் கையில் அறுவைச் சிகிச்சை வலியையே தணித்தது. குளோரோஃபார்ம் வந்ததும் அவருடைய முறை ஒதுங்கியது. மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தம் கத்திப்பெட்டியை நோயாளியின் நெற்றிக்குச் சற்று மேலே பிடித்து அதையே உற்றுப் பார்க்கச் சொன்னார். கண் களைக்கும், கவனம் ஒரே புள்ளியில் குவியும், அந்த நிலையில் சொல்வதை மனசு ஏற்கும். 1843இல் வந்த அவருடைய புத்தகத்தோடுதான் ஹிப்னாடிசம் என்ற பெயர் பரவியது. ஆள் எதற்கு, நாமே சொல்லிக்கொள்ளலாம் என்று அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் எமில் குவே, மருந்துக் கடைக்காரர். மருந்தைப் புகழ்ந்து கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது என்று கவுண்டரில் நின்றபடியே கண்டுகொண்டவர். நாளுக்கு நாள் நான் தேறி வருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை, காலை எழுந்ததும் இரவு படுக்கும்போதும், 20 முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் எண்ணியபடி முணுமுணுக்கச் சொன்னார். 1932இல் ஜெர்மானியர் யோஹன்னஸ் ஷூல்ட்ஸ், கை கனக்கிறது, கை கதகதப்பாக இருக்கிறது என்று படிப்படியாக உடலைத் தளர்த்தும் முறையை வகுத்தார்.

இதனால் நினைவு கூடுமா? கூடாது. இதை உரக்கச் சொல்ல வேண்டும். 1983இல் டைவான், பவர்ஸ் இருவரும் 60 படங்களைக் காட்டி, பல நாள் நினைவுகூர வைத்து, கடைசியில் சிலரை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் கேட்டார்கள். ஆழ்ந்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு புதிய விவரம் சொன்னார்கள். கூடவே மூன்று மடங்கு தப்பும் சொன்னார்கள். தப்பையும் அதே உறுதியோடு சொன்னார்கள் என்பதுதான் ஆபத்து. 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிக்கையும் ஹிப்னாடிச நினைவு சாதாரண நினைவைவிட நம்பத்தக்கது அல்ல என்றது. மறந்த பாடத்தை 'ஆழ்மனதிலிருந்து' எடுத்துத் தருவதாக எவராவது கட்டணம் கேட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கவனத்தின் கதை வேறு. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல் என்றால் எல்லாரும் திணறுவோம்; படிக்கத் தெரிந்த கண்ணால் படிக்காமல் இருக்க முடியாது. 2002இல் அமிர் ராஸ் குழுவினர், ஹிப்னாடிசத்துக்கு எளிதில் வசப்படுகிறவர்களிடம், திரையில் வருவது உனக்குத் தெரியாத மொழியின் அர்த்தமற்ற கிறுக்கல் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவர்களுக்குத் திணறல் மறைந்தது. வசப்படாதவர்கள் வழக்கம் போலத் திணறினார்கள். 2006இல் அதே குழு இன்னொன்றும் காட்டியது: ஹிப்னாடிசச் சடங்கைச் செய்யாமல், அந்தச் சொல்லை மட்டும் சொல்லி வைத்தாலும் வசப்படுகிறவர்களுக்குப் பலன் இருந்தது. ஆகவே 'நான் சரியாக ஆழ்ந்தேனா' என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்காருவது வீண். காரியம் நடப்பது சொல்லிக்கொள்ளும் சொல்லில்.

எல்லாருக்கும் ஒரே அளவு பலிக்காது என்பதும் இதிலேயே இருக்கிறது. 1959இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்ஸன்ஹோஃபரும் ஹில்கார்டும் 12 சோதனை கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். கோத்த விரல் பிரிய மறுக்கிறதா, இல்லாத ஈ காதோரம் ரீங்கரிக்கிறதா என்கிற மாதிரி. நூற்றில் பத்துப் பதினைந்து பேர் நன்றாக வசப்படுகிறவர்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் அசையாதவர்கள், மற்றவர்கள் நடுவே. இந்தக் குணம் 25 ஆண்டு கழித்துச் சோதித்தாலும் பெரிதாக மாறுவதில்லை. அசையாத கட்சிக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். மேலே சொன்ன அட்டைப் பெட்டிக்கு இந்தப் பாகுபாடு கிடையாது.

சுய ஹிப்னாடிசத்தின் செய்முறை இவ்வளவுதான். படிக்க உட்காரும் நாற்காலியிலேயே, முதுகைச் சாய்த்து, எதிர்ச் சுவரில் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளியைப் பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். இமை கனத்தால் மூடிக்கொள்ளட்டும். வலது கை கனக்கிறது, இடது கை கனக்கிறது, தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது என்று மனசுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். பிறகு ஒரே ஒரு வாக்கியம்.

பலர் கோட்டை விடுவது அந்த வாக்கியத்தில்தான். 'நான் முதல் மார்க் வாங்குவேன்', 'எனக்கு அபார ஞாபகசக்தி' என்பதெல்லாம் குவேயின் வாரிசுகள் எழுதிக் கொடுத்த பாட்டு. சொல்லச் சுகமாக இருக்கும், செய்ய அதில் ஒன்றும் இல்லை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எடுத்துச் சொன்ன கருத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இலக்கை மட்டும் நினைப்பதைவிட 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அது உறுதிப்பட்டது. ஆகவே வாக்கியம் இப்படி இருக்கட்டும்: 'போன் சத்தம் கேட்டால், படித்துக்கொண்டிருக்கும் வரியில் விரலை வைப்பேன்.' அல்லது: 'பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, மூன்று விஷயம் சொல்லிப் பார்ப்பேன்.' அந்தக் காட்சியையும் கண்ணை மூடியபடியே பாருங்கள்: புத்தகம், விரல், மூடும் சத்தம். பிறகு ஐந்து வரை எண்ணிக் கண்ணைத் திறந்து, கையை நன்றாக நீட்டி மடக்கி, நடுவில் எதுவும் செய்யாமல் நேரே முதல் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். வண்டி ஓட்டும்போதோ அடுப்பில் ஏதாவது இருக்கும்போதோ இது வேண்டாம். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

படுக்கையில் காதில் மாட்டிக்கொண்டு தூங்கினால் பாடம் ஏறிவிடும் என்று விற்கும் ஒலிப்பதிவுகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1956இல் எம்மன்ஸ், சைமன் இருவரும் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபடி தூங்குகிறவர்களுக்குச் சொற்களை ஓதிப் பார்த்தார்கள். நிஜமாகத் தூங்கியவர்கள் காலையில் எதையும் கற்றிருக்கவில்லை. தூக்கத்தின் வேலை விழித்திருந்தபோது உள்ளே போனதைக் காப்பது.

தேர்வு மண்டபத்து வாசலில் கை நடுங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஹிப்னாடிசம் பலிக்காதவர்களுக்கும் சேர்த்து. பயம் என்பது மனசுக்குள் ஓடும் பேச்சு. கணக்குப் போட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. 2011இல் ராமிரெஸ், பீலாக் இருவரும் மாணவர்களைத் தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், தம் பயம் எதைப் பற்றி என்று மறைக்காமல் எழுதச் சொன்னார்கள். பதற்றம் அதிகமுள்ள பிள்ளைகளின் மதிப்பெண் அதனால் உயர்ந்தது. தைரியமாக இரு என்று நாம் சொல்லும் ஆறுதலுக்கு நேர் எதிர்த் திசை இது. கடைசி நேரத்தில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். எழுதிய தாளை யாரும் திருத்தப்போவதில்லை, மண்டபத்துக்குள் போகுமுன் கிழித்துப் போட்டுவிடலாம்.